சீயமங்கலத்துப் பாறையில் ஒரு நீலத் துணி

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோருள் பெரும்பாலோர் இராசகிரியின் உச்சிவரை மூச்சிரைக்க ஏறி, கலியாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்து முடித்ததும், கால் வலியோடு பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து வடக்கே, தேசூரை அடுத்து, சீயமங்கலம் என்றொரு சிற்றூர் இருப்பதைப் பலர் அறியார். சீயம் என்பது சிங்கம். ஊரின் பாறைக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் ஒரு குடைவரைக் கோயிலைக் குடைவித்தான். ‘அவனிபாஜன பல்லவேசுவரம்’ என்பது கல்வெட்டு தரும் பெயர். ஊரார் வழங்கும் பெயர் தூணாண்டார் கோயில். தூணில் சிறிதாகச் செதுக்கப்பட்டுள்ள நடனமாடும் சிவனின் உருவம், தமிழகத்தில் அவ்வகைக் கற்சிற்பங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. பக்கத்துக் குன்றில் சமணத் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் நிற்கின்றனர். அவை கங்க மன்னன் இராசமல்லன் காலத்தவை. ஆயிரத்து நானூறு ஆண்டு வெயிலும் மழையும் பட்ட பாறை அது. ஆயினும் உளி பட்ட இடங்கள் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன.

நாம் போன நாளில், நீர்க்கரையை ஒட்டிய ஒரு பாறைச் சரிவில் வேட்டிகளும் சேலைகளும் உலர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, பலகை போல விறைத்து, கரும்பச்சை என்று மயங்கத்தக்க அடர் நீலத்தில் ஒரு ஜீன்ஸ் கிடந்தது. அதன் உரிமையாளரான இளைஞர் அருகிலேயே காவல் காத்து நின்றார். செய்யாற்றுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, விடுமுறைக்கு வந்திருக்கிறார். துவைக்க வந்த தாயார் நம்மிடமே வழக்கைச் சொன்னார்.

“பாருங்கய்யா, வாங்கி ஆறு மாசமாச்சு. இன்னைக்குத்தான் முதல் தண்ணி பார்க்குது. நாங்க கோடித் துணின்னா மூலையில மஞ்சள் தொட்டு, தண்ணியில நனைச்சுத்தான் கட்டுவோம். இவன் கோடியாவே மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறான்.”

“அடிச்சுத் துவைச்சா சாயம் ஒரேயடியாப் போயிடும்மா. மடிப்பு விழற இடத்துல மட்டுந்தான் வெளுக்கணும்” என்றார் மகன்.

“வெளுக்கிறதுக்குத்தானேடா துவைக்கிறது!”

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இந்த வழக்கு வெறும் நாகரிகப் பித்துப் பற்றியது அன்று. அந்த நீலத்தின் இயல்பைப் பற்றியது. அந்த நீலமோ இந்த மண்ணுக்கு நெருங்கிய உறவினன்.

பிற சாயங்கள் பல, நூலோடு கலந்து அதன் உள்ளே குடியேறிவிடுகின்றன. அவுரி நீலம் அப்படிப்பட்டதன்று. அது தண்ணீரில் கரையாது. கரைய வேண்டுமானால் காரமும் நொதித்தலும் சேர்ந்து அதன் நிறத்தைப் பறித்தாக வேண்டும். நம் சாயக்காரர்கள் சுண்ணாம்பையும் தகரை விதையையும் தாழியில் இட்டு இதைச் செய்தனர். தாழியில் நீலம் தெரியாது. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நீரே தெரியும். அதில் தோய்த்த நூலை வெளியே எடுத்தால், காற்றுப் பட்டவுடன் பச்சை மாறி நீலமாகிறது. முதன்முறை காண்போர் கண்ணைக் கசக்கிக்கொள்வர். இவ்வாறு காற்றில் மீண்டும் திடப்பொருளாகிவிடும் நீலம், நூலின் மேற்பரப்பில் படிந்து தங்குகிறது. நூலோடு இரசாயனப் பிணைப்பு எதையும் ஏற்படுத்திக்கொள்வதில்லை. எத்தனை முறை தோய்க்கிறோமோ அத்தனை படலம். ஜீன்ஸ் துணியின் நூலைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் நோக்கினால், வெளியே நீல வளையமும் நடுவே வெள்ளைப் பஞ்சும் தெரியும். டெனிம் நெசவில் பாவு நூலுக்கே நீலம். ஊடை நூல் வெள்ளை. பாவு மூன்று ஊடைக்கு மேலே சென்று ஒன்றுக்குக் கீழே நுழைவதால், துணியின் முகம் நீலமாகவும் முதுகு வெண்மையாகவும் இருக்கின்றன. ஆகவே எங்கே உராய்வு உண்டோ அங்கே நீல வளையம் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். தாய் கல்லில் அடித்தாலும் உராய்வு. மகன் நடந்தாலும், உட்கார்ந்தாலும், சட்டைப்பையில் கைப்பேசியைத் திணித்தாலும் உராய்வு. வேறுபாடு என்னவெனில், கல் துணி முழுவதையும் ஒன்றுபோல் வெளுக்கும். உடல், தான் மடங்கும் இடங்களை மட்டும் வெளுக்கும்.

இச்செடி இப்பகுதிக்குப் புதியதன்று. பழைய தென்னார்க்காட்டு மாவட்டம் 19-ஆம் நூற்றாண்டில் அவுரிக்குப் பேர் பெற்றது. பயறு இனத்தைச் சேர்ந்த சிறு செடியாதலால் நிலத்துக்கும் உரமாகும். அறுத்த செடியைக் கட்டுக்கட்டாகத் தொட்டியில் ஊறவைத்து, ஊறிய நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் இறங்கி வரிசையாக நின்று கால்களால் உதைத்து நீரைக் கலக்குவர். காற்றுக் கலந்ததும் நீர் நுரைத்து நீலமாகும். அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சி, வடித்து, அழுத்தி, வில்லைகளாக வெட்டி உலர்த்துவர். 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் ஆலையில் செய்த நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே இத்தொட்டிகள் வறண்டன. செடியின் நீலமும் ஆலையின் நீலமும் மூலக்கூற்றளவில் ஒன்றே. இன்று உலகில் விற்கும் ஜீன்ஸ்களில் மிகப் பெரும்பாலானவை ஆலை நீலத்தால் ஆனவை. எனினும் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் அவுரி இன்றும் பயிராகிறது. தொட்டிகளில் ஆட்கள் இன்றும் இறங்கி உதைக்கின்றனர்.

(இவ்விடத்தில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுதல் நலம். வெள்ளை வேட்டிக்கு ‘நீலம் போடுகிறோமே’, அந்த நீலம் இதுவன்று. பொட்டலத்தில் வந்த பழைய ராபின் நீலம் அல்ட்ராமரின் என்னும் வேறொரு பொருள்.)

செஞ்சியை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி 1761 வரை வைத்திருந்தனர். அவர்கள் புதுச்சேரியிலிருந்து அனுப்பிய பொருள்களுள் நீலத் துணிக்குத் தனி இடம் உண்டு. ‘கினே’ என்று பெயர் பெற்ற அத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனெகல் நதிக்கரைக்குச் சென்றது. அங்கே அரபிக் கோந்துக்கு மாற்றுப் பண்டமாயிற்று. அந்தக் கோந்து ஐரோப்பியத் துணி அச்சடிப்போருக்குத் தேவைப்பட்டது. பாலைநிலத்து மக்கள் அத்துணியை எப்படித் தேர்ந்தெடுத்தனர் என்பதே நமக்கு இங்கு முக்கியம். சாயத் தாழியின் வாடை அதில் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தனர். அணிந்தால் தோலில் நீலம் ஒட்டுவதைக் குறையாக அன்றிச் சிறப்பாகவே கருதினர். பிரான்சின் ரூவான் நகரில் நெய்த போலித் துணிகள் அவர்களிடம் செல்லவில்லை. சாயம் போவதே நல்ல துணிக்கு அடையாளம் என்று சொன்ன வாடிக்கையாளர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர் என்பதைச் சீயமங்கலத்துத் தாயார் அறிந்தால் என்ன சொல்வாரோ!

நம் நாட்டுச் சாயக்கலையை ஐரோப்பாவுக்கு எழுத்தில் விளக்கியவர்களுள் ஒருவர் நமக்கு வேண்டியவர்தாம். சேசு சபைக் குருவான கேர்தூ சுவாமிகள் 1732-இல் இந்தியா வந்தார். மொழியறிஞர் என்றே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். 1742 ஜனவரி 18 தேதியிட்ட அவரது கடிதம் துணியில் வண்ணம் தீட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை நனைப்பது, நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடுவது, பிறகு நீலத்தில் தோய்ப்பது என யாவும் அதில் உண்டு. அத்தொழில் தெரிந்த கிறிஸ்தவர்களிடம் கேட்டே அவர் இவற்றை அறிந்தார். எழுதியவர் பெயர் நூல்களில் நின்றது. சொல்லிக்கொடுத்த கைகளின் பெயர்கள் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் சென்னைக் கட்டம்போட்ட துணிக்கும் இதே வழக்கு நேர்ந்தது. 1958-இல் நியூயார்க்கிலிருந்து வந்த வணிகர் ஒருவர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் 10,000 கெஜம் வாங்கினார். குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை, துணி சட்டையாகிக் கடைக்கு வருவதற்குள் எங்கோ விடுபட்டுப் போயிற்று. அமெரிக்க இல்லங்களின் சலவை இயந்திரங்களில் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வழக்கு மன்றம் வரை செல்லும் என்று அஞ்சிய வேளையில், ‘சாயம் நிச்சயம் போகும்’ என்பதையே பெருமையாக விளம்பரப்படுத்தினராம். துணி பறந்து விற்றது. வணிகரின் சாமர்த்தியத்தை மெச்சலாம். ஆயினும் துவைக்கும் முறையை ஒரு வரி எழுதாமல் விட்டதால் வந்த வினை இது என்பதை மறப்பதற்கில்லை.

சாயம் போன தோற்றத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏற்பட்டபின், அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை? ஆலைகளே புதுத் துணியைப் பழையதாக்கத் தொடங்கின. கற்களோடு சேர்த்து உருட்டினர், இரசாயனம் தெளித்தனர், அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சி முழங்காலையும் தொடையையும் வெளுத்தனர். இந்த மணல் வேலையைச் செய்த துருக்கி நாட்டு இளைஞர்கள், சுரங்கத் தொழிலாளருக்கு வரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். பலர் இறந்தனர். 2009-இல் அந்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. மறு ஆண்டு லீவைஸ் முதலிய பெரிய நிறுவனங்கள் அம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. கடையில் வெளுத்த முழங்காலோடு தொங்கும் கால்சட்டையை யாரோ ஒருவர் ஏற்கெனவே தேய்த்திருக்கிறார். சீயமங்கலத்து இளைஞர் தம் துணியைத் தாமே தேய்த்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்ததில் நமக்கு மதிப்பு ஏற்பட்டது இதனால்தான்.

சரி, துவைப்பதா வேண்டாமா?

ஆலையில் அலசப்படாமல் வரும் டெனிம், நெசவின்போது பாவுக்கு இட்ட கஞ்சியோடே வருகிறது. அதன் விறைப்பு கஞ்சி போட்ட வேட்டியின் விறைப்பே. அந்த விறைப்பினால்தான் மடிப்புகள் ஒரே இடத்தில் விழுகின்றன. இடுப்பின் கீழே பூனை மீசை போலவும், முழங்காலின் பின்னே தேன்கூடு போலவும் கோடுகள் வெளுக்கின்றன. முதல் வாரமே துவைத்தால் கஞ்சி கரைந்து துணி தளர்ந்துவிடும். மடிப்புகள் இடம் மாறும். நீலம் எங்கும் ஒரு சீராக இறங்கி வானத்து நிறமாகும். அதுவும் ஓர் அழகே. ஆனால் அந்த இளைஞர் விரும்பிய அழகு அதுவன்று. இதுவரை மகன் பக்கமே நியாயம்.

தாயின் பக்கத்தையும் கேட்போம். வியர்வையும் எண்ணெயும் புழுதியும் நூலிடுக்கில் தங்கினால், புழுதித் துகள் அரம் போல நூலை அறுக்கும். தொடையிடுக்கில் முதலில் கிழிவது பெரும்பாலும் இதனால்தான். லீவைஸ் நிறுவனத்தின் அன்றைய தலைவர் சிப் பெர்க், தாம் அணிந்திருந்த ஜீன்ஸ் ஓராண்டாகச் சலவை இயந்திரத்தைக் கண்டதில்லை என்று 2014-இல் மேடையில் சொன்னது உலகெங்கும் பேசப்பட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 15 மாதங்கள் துவைக்காமலே அணிந்தார். பிறகு துவைத்து 13 நாள் அணிந்தார். இரு முறையும் நுண்ணுயிர் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை என 2011-இல் அறிவித்தனர். நல்லது. ஆனால் அது கனடாவின் குளிரில் நடந்த சோதனை. சித்திரை வெயிலில் செய்யாற்றுப் பேருந்தில் நின்றுகொண்டு வருபவரின் தொடையில் அதை நடத்திப் பார்க்கவில்லை. வேர்க்குருவும் படர்தாமரையும் நம் நாட்டு விருந்தாளிகள். நம் தட்பவெப்பத்தில் ஆறு மாதம் காத்திருப்பது மிகை என்பதே நம் கருத்து. மடிப்புகள் பதியும்வரை சில வாரம் பொறுத்து, பின்னர் உடலுக்குத் தேவைப்படும்போதெல்லாம் துவைத்தால் கோடுகள் எங்கும் ஓடிப்போய்விடமாட்டா.

துவைக்கும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. உள்ளும் புறமும் திருப்பி, குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, கையால் அமுக்கி அலசினால் போதும். கல்லும் தூரிகையும் வேண்டா. வெந்நீரும் சலவைச் சோடாவும் நீலத்தை விரைந்து இறக்கும். பிளீச்சிங் பவுடரோ அதை அடியோடு அழித்துவிடும். பட்டுக்குப் பயன்படுத்தும் பூந்திக்கொட்டை நுரை இதற்கும் ஏற்றது. சாயம் நிற்க உப்பும் காடியும் போடும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. வேறு சில சாயங்களுக்கு உப்பு ஓரளவு உதவலாம், மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் அவுரிக்கு அதனால் பயனில்லை. முறுக்கிப் பிழியாமல் நீர் வடியவிட்டு, நிழலில் உலர்த்துக. வெயிலும் நீலத்தைத் தின்னும்.

முதல் மூன்று நான்கு முறையாவது தனி வாளியில் ஊறவைப்பது அவசியம். ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்துவைத்த வெள்ளை வேட்டியை அவசரத்தில் அதே வாளியில் போட்டுவிட்டால், அந்த வேட்டிக்கு நெடுநாள் வரை யாரும் நீலம் போட வேண்டியிராது.