மலைமேல் ஒரு முல்லை

இமயம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது பனிமுடியே. ஆனால், காடு முடியும் இடத்துக்கும் நிலைத்த பனி தொடங்கும் இடத்துக்கும் இடையே ஒரு பசும்புல் உலகம் உண்டு. கர்வால் மக்கள் அதனைப் 'புக்யால்' என்பர். குளிர்காலம் முழுதும் பனிக்கடியில் உறங்கிக் கோடையில் கண்விழிக்கும் மேய்ச்சல் நிலம் அது. குறிஞ்சியை மலைக்கும் முல்லையைக் காட்டுக்கும் வகுத்தது தமிழ் மரபு. மலையுச்சியிலே ஆயர் வாழ்வைக் காணும்போது, திணைமயக்கம் என்று நூலில் படித்ததை நேரில் கண்ட நிறைவு உண்டாகிறது.

தில்லிவாழ் அன்பர்கள் எளிதில் சென்று காணத்தக்கது ருத்ரபிரயாகை மாவட்டத்துச் சோப்தா. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரம். அங்கிருந்து துங்கநாதர் கோயில்வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கல் பாவிய பாதை. ஏற்றம் உண்டு, ஆனால், நின்று நின்று செல்வோருக்குத் துன்பமில்லை. சென்ற ஜூன் திங்களில் நானும் என் துணைவியாரும் மகளும் காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினோம்.

முதலில் 'புரான்ஸ்' மரங்கள் எதிர்ப்பட்டன. அவற்றின் மலர்க்காலம் முடிந்திருந்தது. இம்மரத்தின் நெருங்கிய உறவே நம் நீலகிரியில் காட்டுப் பூவரசு என்னும் பெயருடன் செந்நிறப் பூப் பூக்கிறது. இடைப்பட்ட சமவெளியில் இல்லாத மரம், வடகோடி மலையிலும் தென்கோடி மலையிலும் வேர்கொண்டிருக்கும் வியப்பை மகளுக்குச் சொன்னேன். "அப்ப, எந்த மலைப்பா இதோட சொந்த ஊர்?" என்றாள் அவள்.

அவ்வினா என்னைத் தைத்தது. மைய அரசு ஊழியர்கள் விடுப்புப் பயணச் சலுகைக்காகத் தம் சொந்த ஊரை எழுதித் தருகிறோம். பணிக்காலத்தில் அதனை ஒருமுறைக்கு மேல் மாற்ற இயலாது. பெற்றோர் மறைந்து, காவிரிக்கரை வீடும் விற்றாகிவிட்டது. ஆகவே, தம்பி வாழும் கோவையையே எழுதிவிடலாம் என்பது வீட்டில் எழுந்த யோசனை. விண்ணப்பம் என் கையொப்பத்துக்காகக் காத்திருந்தது.

மரங்கள் குட்டையாகி மறைந்தன. சரிவெங்கும் புல், புல்லிடையே மஞ்சளும் ஊதாவுமாய்ச் சிறு பூக்கள். நீர் ஓரிடத்தில் பாறையடியில் கசிந்தது. ஓரிடத்தில் பாதையின் குறுக்கே ஓடியது. மகள் காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்தாள்; பத்து எண்ணுமுன் எடுத்துக்கொண்டாள். வழியில் வந்த ஒருவர் அதனை 'நாலா' என்றார். தில்லியில் அச்சொல்லுக்குச் சாக்கடை என்றே பொருள் கண்டவள் அவள். அத்தெளிந்த நீரை அப்பெயரால் அழைக்க மறுத்துவிட்டாள். ஊற்று, சுனை, ஓடை, அருவி என ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். வீட்டில் எத்தனையோ முறை எழுதவைத்தும் ஒட்டாத சொற்கள் அன்று ஒட்டிக்கொண்டன.

மேலே ஒரு முதியவர் எருமைகளை மேய்த்துக்கொண்டிருந்தார். கற்குடில் ஒன்று அருகே இருந்தது. "இதுவா உங்கள் ஊர், கீழே உள்ளதா?" என்று இந்தியில் வினவினேன். "புல் இருக்கும்வரை இது, பனி விழுந்தால் அது" என்று சொல்லிவிட்டு, விலகிச் சென்ற கன்றை மடக்கப் போய்விட்டார். துங்கநாதரின் வழக்கமும் அதுவே. தீபாவளியை ஒட்டி நடை சாத்தியதும் உற்சவர் கீழேயுள்ள மக்கூமட்டுக்கு இறங்குகிறார்; கோடையில் மீண்டும் ஏறுகிறார்.

ஏறத்தாழ 3,680 மீட்டர் உயரத்தில் இறைவனை வணங்கி, புளியோதரை உண்டு, மேகம் திரளுமுன் இறங்கினோம். புக்யால்களில் இரவு தங்குவதை உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு தடை செய்தது. கூடாரத்தின் அடியில் புல் மாய்ந்துபோகும். மேய்ப்பவர்க்கு அப்புல்லே வாழ்வு. காலையில் ஏறி மாலைக்குள் இறங்குவதே அந்நிலத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

தில்லி திரும்பியபின் அவ்விண்ணப்பத்தில் நான் கையொப்பமிடவில்லை. "வீடில்லாத ஊருக்கு எதற்குப் போவது?" என்கிறார் துணைவியார். நியாயமான கேள்விதான். ஆயினும், வரும் பொங்கலுக்கு அங்கே சென்று, ஒரு விடுதியில் தங்கி, மகளுக்குக் காவிரியைக் காட்டலாம் என்று முடிவாகியிருக்கிறது. ஓடையைக் கற்றுக்கொண்டவள் ஆற்றையும் கற்கட்டும்.