உடம்பு பெருத்தாலும் பெருக்காதது

பாகான் செராயில் வண்டி ஏறி, செமங்கோல் தாண்டித் தைப்பிங் வரும்வரை மாமா மகனுக்கு ஒரே கவலைதான். "மெசின்ல நல்லா காத்து வைக்கச் சொல்லுங்க மச்சான். அப்பாவுக்குப் பெரிய உடம்பு." தோட்டத்தில் பால் வெட்டிய உடம்பு, வேலையை விட்டபின் 85 கிலோ ஆகியிருந்தது. நிமோனியா முற்றி முந்தின நாள் சுவாசக் குழாய் போட்டிருந்தார்கள்.

ஐ.சி.யூ.வில் ஒருவரைத்தான் விட்டார்கள். உள்ளே போனேன். மிஸ்ஸி குழாயில் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தார். திரையில் ஆக்சிஜன் 91. கேட்டே விட்டேன்: "காத்தைக் கொஞ்சம் கூட்டினால் என்ன?"

தமிழ் டாக்டர், சின்ன வயசு. கட்டில் தலைமாட்டில் தொங்கிய தையல்கடை டேப்பைக் காட்டினார். "உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருக்காது அங்கிள். அது உயரத்தோட சரி." மாமா 160 சென்டிமீட்டர். அதில் 152.4 கழித்து, மிச்சத்தை 0.91ஆல் பெருக்கி, 50 கூட்டினால் அந்த உயரத்துக்கு உரிய எடை கிட்டத்தட்ட 57 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி. ஒரு மூச்சுக்கு 340 மில்லி, அவ்வளவே. 85ஐ வைத்துப் போட்டால் 510 ஆகிவிடும்.

அந்த 340கூட முழு நுரையீரலுக்குப் போவதில்லை. பாதி நீர் கோத்துக் கிடக்கிறது. காற்று ஏறுவது மிஞ்சிய துண்டில்தான். அந்தத் துண்டைக் 'குழந்தை நுரையீரல்' என்கிறார்கள். அதில் பெரிய மூச்சைத் திணித்தால் காற்றறைகள் இழுபட்டுக் கிழிகின்றன. மூடிய அறைகள் ஒவ்வொரு மூச்சிலும் திறந்து மூடினாலும் புண்தான். அதனால் வெளிமூச்சின் கடைசியிலும் கொஞ்சம் அழுத்தம் நிறுத்தி வைக்கிறார்கள். டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். மூச்சு ஒரு நொடி நின்றது. அழுத்தம் 26. முப்பதைத் தாண்ட விடக்கூடாதாம்.

2000இல் வெளியான அமெரிக்க ஆய்வைப் பற்றியும் சொன்னார். 861 நோயாளிகள். கிலோவுக்கு 12 மில்லி பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் 31 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், முதல் சில நாள் ஆக்சிஜன் நன்றாக இருந்தது 12 மில்லிக்காரர்களுக்குத்தான். எங்களைப் போன்ற சொந்தக்காரர்கள் அன்றைக்கு அங்கே நின்றிருந்தால் அதைத்தானே கேட்டு வாங்கியிருப்போம்.

வெளியே வந்து ஒரு டின் பானம் வாங்கி மச்சான் கையில் வைத்தேன். "ஒரு மூச்சுக்கு இவ்ளோதான் வைக்கிறாங்க."

திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பா இதை ஒரே மடக்குல குடிச்சிருவாரு மச்சான்."