கொம்பும் காலும்

ஓய்வு பெறுவதற்கு முந்தின ஆண்டு என் வகுப்பை மதிப்பிட ஒரு பி.எட். மாணவி வந்தார். கையில் செல்போன். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார், குறித்துக்கொண்டார். கிளம்பும்போது, “மூணாம் வகுப்புல மூணு பேர் இன்னும் அரும்புலயே இருக்காங்க சார், கொஞ்சம் கவனிங்க” என்றார். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கீழ்ப்படிக்கு அரும்பு என்று பெயர். அந்தப் பெண்மேல் வருத்தமில்லை. சொன்ன வேலையைச் செய்தார். ஆனால் அவர்கள் ஏன் அங்கேயே நிற்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, அவரை அனுப்பியவர்களும் கேட்கச் சொல்லவில்லை. தொடக்கப்பள்ளி வாத்தியாரின் தொழிலே அந்த ஏன் என்ற கேள்விதான்.

என் ஊர் சீயமங்கலம். வேலை பார்த்தது செஞ்சி வட்டாரத்தில், பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகளில். முதல் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை என் ஊர்த் தூணாண்டார் கோயிலுக்கே அழைத்துப் போனார். மகேந்திரவர்மன் குடைந்த குகை. தூணில் ஆடும் சிவனைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். இவர் கல்வெட்டுத் தூணின் முன்னால் நிறுத்தி, “வாசிப்பா” என்றார். கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம். நான் எங்கே வாசிக்க? விடவில்லை. கால் வலிக்கும்வரை நிற்க வைத்தார்.

“ஒண்ணாவது பிள்ளைக்கு நீ எழுதுற போர்டு இப்பிடித்தான் தெரியும். இப்ப உனக்கு வருதே ஒரு கோவம், அது அவனுக்கும் வரும். உங்கிட்ட காட்டமாட்டான், பக்கத்துல இருக்கிறவனைக் கிள்ளுவான்” என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று: வாசிக்கும் பிள்ளைக்கு எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார், முகத்தைப் பார்க்காதே, விரலைப் பார். விரல் எங்கே தயங்குகிறதோ, சங்கதி அங்கே இருக்கிறது.

அந்த மூன்று பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பையன் ‘கொடி’யைக் ‘கெரடி’ என்பான். அவனுக்கு எழுத்துத் தெரியாமல் இல்லை. இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் வாசிக்கிறான். கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வரவேண்டியது க. பின்னால் நிற்கும் துணைக்கால் அவனுக்கு ர. இரண்டாமவள் ப, ட, ம் என்று மூன்றையும் சரியாகச் சொல்லி நிறுத்திவிடுவாள், ‘படம்’ ஆகாது. அவளுக்குக் கொம்புப் பாடம் நடத்தினால் வீண். மூன்றாமவனுக்கு வேண்டியது கண்ணாடி. மூவருக்கும் சேர்த்து ஒரே அரும்பு!

கொம்புக்காரனுக்கு நான் செய்தது இதுதான். சிலேட்டில் க மட்டும் எழுதி, கொம்பையும் காலையும் அட்டையில் வெட்டிக் கொடுத்து அவனையே வைக்கச் சொன்னேன். கொம்பு மட்டும் வைத்தால் கெ, காலையும் சேர்த்தால் கொ. கை பழகிய பிறகு ‘தோரணம்’ எழுதிப் போட்டேன். அதில் காலும் உண்டு, அதை ஒட்டியே ரகரமும் உண்டு. எது எது என்று அவன் விரலே பிரித்துவிட்டால் அப்புறம் நான் வேண்டாம். பிரித்தான், தீபாவளி விடுமுறைக்கு முன்னால்.

திட்டங்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல், வாத்தியாரை நாற்காலியிலிருந்து பாய்க்கு இறக்கியது. ஏணிப்படியும் அட்டைகளும் பிள்ளையை அவன் இருக்கும் படியில் பார்க்க வைத்தன. எண்ணும் எழுத்தும் 2022-இல் வந்தபோதும் நோக்கம் அதேதான்.

ஆய்வுகளையும் படிக்கிறவன்தான் நான். கொரோனாக் காலக் கற்றல் இழப்பைப் பற்றிக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமெரோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்த ஆய்வு முக்கியமானது. ஏறத்தாழ 19,000 பிள்ளைகள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் என்று கண்டார்கள். நம் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம், பெருமைதான். மேடையில் எல்லாரும் அந்த 24-ஐச் சொன்னார்கள். மிச்சம் 76 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா? பள்ளிக்கூடம் திறந்திருந்தது, உள்ளே வாத்தியார் இருந்தார். பெரும்பகுதி அதனால்தான் என்பது என் எண்ணம்.

இப்போதைய இளைஞர்கள் கெட்டிக்காரர்கள். க்யூஆர் கோடைத் தட்டி வீடியோ போடுகிறார்கள், வகுப்பே சேர்ந்து பாடுகிறது. ஆனால் கூட்டத்தோடு பாடும்போது வாயசைக்கிறவனும் வாசிக்கிறவனும் ஒன்றுதான். பதிவேற்றம் முடிக்கவே பொழுது சரியாக இருக்கும்போது, பக்கத்தில் உட்கார அவர்களுக்கு ஏது நேரம்?

நான் போன பயிற்சிகளில் ப்ரொஜெக்டர் இருந்தது, டீ வடை இருந்தது, பிள்ளை ஒருபோதும் இருந்ததில்லை. ஒரே ஒரு பிள்ளையை வாசிக்கவிட்டு நாலு வாத்தியார்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பயிற்சி சனிக்கிழமை நடக்கிறது சார், பிள்ளைகளுக்கு லீவு என்றார்கள்.