சூசை என்று கூப்பிட்டால்

திருப்பூர் குமார் நகரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில் நின்று யாராவது "சூசை" என்று குரல் கொடுத்தால், மூன்று வீடுகளிலிருந்து தலை எட்டிப் பார்க்கும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஓட்டுக் கூரை, ஒற்றை அறை, அறைக்குள்ளேயே தடுப்புக் கட்டிய அடுப்படி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. என் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்பதால் அவர் கட்டிங் சூசை. கடைசி வீட்டில் இருந்தவர் பேட்லாக் மிஷின் ஓட்டுகிறவர். அவர் பேட்லாக் சூசை. மூன்றாமவர் தலை நரைத்தவர், காஜா பட்டன் அடிக்கும் இடத்தில் இரவுக் காவல். அவரைப் பெரிய சூசை என்போம். செக்கிங் போகும் சூசையம்மா அத்தையும், கைமடிக்கப் போகும் ஜோஸ்பின் அக்காவும் அதே லைனில்தான் இருந்தார்கள்.

வீட்டுக்காரம்மா பல்லடம் பக்கத்துக் கொங்கு நாட்டுக்காரர். நாங்கள் அவரை ஆத்தா என்போம். வாடகை வாங்க வரும்போது, "ஏனுங் சூசை, இருக்கறீங்களா?" என்று பொதுவாகக் கேட்பார். "எந்தச் சூசைங்க ஆத்தா?" என்று நான் ஓடிப்போய் நிற்பேன். "உங்கொப்பனைத்தான் சாமி" என்று என் தலையைத் தடவிவிட்டு, "எல்லாருக்கும் ஒரே பேரை வச்சுட்டு எப்படித்தான் சமாளிக்கறீங்களோ" என்பார். அவர் வீட்டிலும் மூன்று தலைமுறையாகப் பழனிச்சாமிகள் இருந்தார்கள். சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அவருக்கும் புதிதல்ல.

அப்பா திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தவர். எங்கள் ஊர்ப்பக்கம் தாத்தாவின் பெயர் பேரனுக்கு இறங்கும். அப்பாவுக்கும் அவருடைய தாத்தாவின் பெயர்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு பெயர் எழுதினாலும், ஞானஸ்நானத்தில் சாமியார் என் தலையில் தண்ணீர் ஊற்றிச் சொன்ன பெயர் சூசைதான். திண்டுக்கல்லில் இருப்பது இயேசுவை வளர்த்த தந்தையான சூசையப்பரின் கோயில். இப்போது அது புனித வளனார் பேராலயம். 2003இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனதிலிருந்து ஆயரின் கோயில். அதைச் சுற்றிய ஊர்களில் மழை பொய்த்துப் பிழைப்பு தேடி வண்டி ஏறியவர்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடும் இந்தப் பெயரோடும் திருப்பூரில் வந்து இறங்கினார்கள். மணப்பாறை, மதுரை, தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் என்று வந்தவர்களிலும் சூசைகள் இருந்தார்கள். கம்பெனி நோட்டில் அப்பாவின் பெயர் "சூசை தி" என்று இருக்கும். அவரோடு வேலை பார்த்த மணப்பாறைக்காரர் "சூசை ம".

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. அன்று ராத்திரி ஊரே கடைவீதியில் நிற்கும். எங்களுக்குப் புரோட்டாவும் சால்னாவும் உண்டு. ஒரு சனிக்கிழமை அப்பா கவரைப் பிரித்தார், எண்ணினார், மறுபடியும் எண்ணினார். "இது நம்ம கவர் இல்ல. ஓ.டி. பணம் சேர்ந்து கெடக்கு. நான் இந்த வாரம் ராத்திரி வேலை பாக்கலையே" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் சட்டையை எடுத்துக் கொடுத்தார். சைக்கிளின் முன் கம்பியில் என்னை உட்கார வைத்துக்கொண்டு அப்பா ஓடக்காட்டுக்குக் கிளம்பினார். புஷ்பா தியேட்டர் பக்கம் எதிரில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மணப்பாறைச் சூசை. அவர் கையிலும் ஒரு கவர். கணக்குப் பிள்ளை மாற்றிக் கொடுத்துவிட்டிருக்கிறார். குறைவான பணம் வந்தவர் தேடி வருவது இயல்பு. அதிகம் வந்தவரும் அதே நேரத்தில் கிளம்பியிருந்தார் என்பதை மணப்பாறைக்காரர் வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "பேருக்குப் பேர் பங்காளியாயிட்டோம்ணே" என்று அன்று டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு என் தம்பிக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் அவர்தான். அவர் மனைவியை நாங்கள் சித்தி என்றே கூப்பிட்டு வளர்ந்தோம். சொந்தமெல்லாம் பஸ்ஸில் பாதி நாள் தூரத்தில் இருக்க, எங்களுக்குத் திருப்பூரில் சித்தப்பா கிடைத்தது இப்படித்தான்.

குமரன் ரோட்டில் புனித கேத்தரின் ஆலயம் இருந்தது. எங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் குமார் நகர் சூசையப்பர் ஆலயம். புதன்கிழமை சூசையப்பருக்கு உரிய நாள், மார்ச் அவருக்கு உரிய மாதம், மார்ச் 19 அவர் திருநாள். ஷிப்ட் விட்டு வருகிற பெண்கள் தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசியைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து, முக்காட்டை இழுத்துவிட்டு மண்டியிடுவார்கள். ஆலயத்துக்குள் மெழுகு வாசனையும், சாயம் போகாத புதுத் துணியின் வாசனையும் கலந்திருக்கும்.

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த படத்தில் சூசையப்பர் இழைப்புளி பிடித்து மரம் இழைத்துக்கொண்டிருப்பார். கீழே சுருள் சுருளாக மரச்சீவல்; அதைப் பொறுக்கிக்கொண்டு சிறுவன் இயேசு. அம்மா அந்தப் படத்தைக் காட்டித்தான் எனக்குக் கதை சொல்வார். பேறுகாலத்துப் பெண்ணை அழைத்துக்கொண்டு பேர் பதியப் பெத்லகேமுக்குப் போன கதை. தங்க இடம் கேட்டு அலைந்த கதை. குழந்தையைக் கொல்ல ஏரோது தேடப்போவது தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குப் போய், மொழி தெரியாத ஊரில் பிழைத்த கதை. கோயிலில் காணிக்கை செலுத்த ஆட்டுக்குட்டி வாங்க வழியில்லாதவர்கள் ஒரு ஜோடிப் புறா கொடுக்கலாம் என்று யூதச் சட்டம் சொன்னது. இவர்கள் புறாதான் கொடுத்தார்கள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். "நம்மள மாதிரி ஊர் விட்டு ஊர் போனவருடா. அவருக்கும் பீஸ் ரேட்டுதான். செஞ்ச வேலைக்குத்தான் காசு" என்பார் அம்மா. நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவில் தூதர் சொன்னதும் எழுந்து போனார், செய்தார் என்று மட்டுமே வருகிறது. பேசாமல் வேலை செய்து குடும்பம் காத்தவர்களை நான் அந்த லைன் வீட்டில் தினமும் பார்த்தேன். அதனால் அந்தப் புனிதர் எனக்குத் தொலைதூரத்து ஆளாகத் தெரிந்ததே இல்லை.

வாயைத் திறந்து கேட்ட கதையும் எங்கள் வீட்டில் உண்டு. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. அப்பா அப்போது கட்டிங்கில் எடுபிடியாக இருந்த இளைஞர். "கஞ்சித் தொட்டி வச்சோம். வட்டிக்கு வாங்கினோம். ஆனா ஒருத்தனும் திரும்பிப் போகல" என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயரும். பாட்டி ஊரிலிருந்து அரிசி கட்டிக் கொடுத்தனுப்பி, பேரன் பிறந்தால் சூசையப்பர் பேரையே வைப்பதாக நேர்ந்துகொண்டாராம். எனக்கு வந்த பெயருக்கு அந்த வேலைநிறுத்தமும் ஒரு காரணம்.

எனக்கு மே மாதம் முதல் தேதி வருஷத்திலேயே பெரிய நாள். அன்று கம்பெனி இல்லை. காலையில் அப்பா தன் பெரிய கத்தரிக்கோலைத் துடைத்து எண்ணெய் விட்டு, துண்டில் சுற்றி எடுத்துக்கொள்வார். சூசையம்மா அத்தை நூல் வெட்டும் சின்னக் கத்தரியும், பேட்லாக் சூசை மாமா ஒரு மிஷின் ஊசியும் கொண்டுவருவார்கள். பூசை முடிந்ததும் சாமியார் அவற்றின்மேல் தீர்த்தம் தெளிப்பார். மத்தியானம் தாண்டினால் அவிநாசி ரோட்டில் செங்கொடி ஊர்வலம். காலையில் கத்தரிக்கோலை மந்திரிக்க நீட்டிய அதே கை அங்கே கொடி பிடித்திருக்கும். இரண்டுக்கும் அப்பா ஒரே வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவார்.

மே 1ஐ உழைப்பாளர் சூசையப்பரின் திருநாளாக அறிவித்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், ஆண்டு 1955. ரோமில் கூடியிருந்த கிறிஸ்தவத் தொழிலாளர்கள் முன்பாக மே தினத்தன்றே அறிவித்தார். அதற்கு 32 ஆண்டு முன்பு, 1923இல், இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றியவர் சிங்காரவேலர். தொழிற்சங்கத்து மாமா ஒருவர் தன் மகனுக்கு ஸ்டாலின் என்று பெயர் வைத்திருந்தார். சோவியத் தலைவரின் முதல் பெயரும் ஜோசப்தான், அதாவது சூசைதான் என்று ஒருநாள் அவர் சொன்னபோது, நானும் அந்தப் பையனும் அன்றிலிருந்து ஒரே பெயர்க்காரர்கள் ஆகிவிட்டோம்.

பெயர் வீட்டுக்கு வீடு வேறு உருவம் எடுக்கும். சூசை, சூசைராஜ், சூசைமாணிக்கம், ஜோசப், யோசேப்பு, வளன். பெண்ணென்றால் சூசையம்மாள், ஜோஸ்பின். நிட்டிங் மிஷின் பழுது பார்க்க வந்த கேரளக்காரர் அவர் ஊரில் ஔசேப்பு என்றார். தெருமுனையில் டீக்கடை வைத்திருந்தவர் யூசுப் பாய். "உங்க சூசைக்கும் எங்க யூசுப்புக்கும் பேர் ஒண்ணுதான் தம்பி" என்று வர்க்கி எடுத்துக் கொடுப்பார். அவர் பெயருக்கு மூலவர் யாக்கோபின் மகன். எகிப்தில் அடிமையாக விற்கப்பட்டு, பஞ்ச காலத்தில் அந்த நாட்டுக்கே சோறு போட்டவர். நாசரேத்துத் தச்சருக்கும் அந்த முன்னோரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

தமிழ் இந்தப் பெயரைக் காப்பியத் தலைவனுக்கே கொடுத்திருக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொல்லித் தெரிந்தது. வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அதில் அவர் வளன். 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல். எழுதிய இத்தாலியருக்கே கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி என்பதுதான் பெயர். ஒரு தச்சரை நாயகனாக்கி இவ்வளவு பெரிய காப்பியம் நம் மொழியில் இருக்கிறது என்று கேட்டபோது, வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டிங் டேபிளில் நின்று வீங்கிய காலை நீவிக்கொண்டே, "எத்தன பாட்டுன்ன?" என்று திரும்பக் கேட்டார். கதரைக் கொண்டாடிய திருப்பூருக்கு இன்னொரு ஜோசப்பும் நெருக்கமானவர். காந்தியோடு நின்று கிராமத் தொழில்களுக்குப் பொருளாதாரம் வகுத்த ஜே.சி. குமரப்பாவின் முதலெழுத்து ஜோசப்.

ஊர்களிலும் இந்தப் பெயர் உண்டு. எங்கள் பக்கத்து ஈரோடு மாவட்டத்தில் தாளவாடி மலையில் சூசைபுரம் இருக்கிறது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரியில்தான் அப்துல் கலாம் படித்தார். திருப்பூரிலேயே இப்போது பெண்களுக்கென்று ஒரு புனித ஜோசப் கல்லூரி நடக்கிறது. ஓவர்லாக் ஓட்டியவர்களின் பேத்திகள் அங்கே பட்டம் வாங்குவதைப் பார்க்கிறேன். பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப் பெட்டிகளின் மேல் அச்சடித்த வெளிநாட்டு ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பது எனக்குச் சின்ன வயசு விளையாட்டு. வளர்ந்த பிறகு உலகப் படத்தில் தேடியபோது, கலிபோர்னியாவில் 1777இல் உருவான சான் ஹோசேயும், கோஸ்டாரிகாவின் தலைநகரான சான் ஹோசேயும் எங்கள் சூசையப்பர் பெயர்கொண்ட ஊர்கள்தான் என்று தெரிந்தது. கனடாவில் மான்ட்ரியல் நகரத்துக் குன்றின்மேல் அவருக்கு எழுப்பிய கோயில் உலகத்திலேயே பெரிய சூசையப்பர் கோயில்களில் ஒன்று.

அந்த லைன் வீடு இப்போது இல்லை. பெரிய சூசை தாத்தா மார்ச் மாதத்தில் இறந்தார். நல்மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர் என்பதால் எங்கள் சனம் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு இன்று யாரும் சூசை என்று பெயர் வைப்பதில்லை. பழசாகத் தெரிகிறது என்கிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் பெரிய கம்பெனிகளில் வேலைக்காரரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவதில்லை என்பது என்னை வருத்துகிறது. கழுத்தில் தொங்கும் அட்டையின் டோக்கன் நம்பர்தான் கூப்பிடும் பெயர். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் எல்லோரும் "இந்திக்காரன்" என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களிலும் ஜோசப் உண்டு, யூசுப் உண்டு, குலதெய்வத்தின் பெயரோடு வந்தவர்கள் உண்டு. எங்கள் அப்பாவுக்கு இந்த ஊரில் ஒரு பங்காளியைத் தேடிக் கொடுத்தது அவருடைய பெயர். நம்பரோடு நம்பர் அப்படி உறவாக முடியாது.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கும், சூப்பர்வைசர்களுக்கும், பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். நாளைக்கு ஷிப்ட் தொடங்கும்போது நீங்கள் நம்பரால் மட்டும் அறிந்த ஒருவரிடம் பெயரைக் கேளுங்கள். அதை யார் வைத்தார்கள், யார் நினைவாக வைத்தார்கள் என்றும் கேளுங்கள். அதற்குப் பிறகு அவரை அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள்.