இதயம் இல்லாத அன்பு

என் தமக்கையின் குமாரன் வைத்தியம் படிக்கச் சீன தேசம் போவதென்று தீர்மானமாயிற்று. புறப்படுவதற்கு முன் அந்தப் பாஷையில் சிறிது பழகிக்கொள்ள விரும்பி என்னிடம் வந்தான். தூ பூ என்னும் பழைய கவியின்மேல் கொண்ட மோகத்தால் நான் சில வருஷங்களாகச் சீன எழுத்துக்களோடு மல்லாடி வருவது எங்கள் வீட்டில் பிரசித்தமான கேலி.

அந்த எழுத்தில் இரண்டு வகை உண்டு. பரம்பரையாக வந்த வடிவம் தைவானிலும் ஹாங்காங்கிலும் வழங்குகிறது. 1956-ம் வருஷம் முதல் சீன சர்க்கார் சுருக்கி அமைத்த வடிவம் சீனாவிலும் சிங்கப்பூரிலும் வழங்குகிறது. எதைக் கற்பது என்று பையன் கேட்டான்.

"பழையதையே படி" என்றேன், சற்றும் யோசியாமல். அதோடு நில்லாமல் ஒரு பிரசங்கமும் செய்தேன். 'அன்பு' என்னும் பழைய எழுத்தின் நடுவில் 'இதயம்' என்னும் எழுத்து அமர்ந்திருக்கிறது. சுருக்கியவர்கள் அதை நீக்கிவிட்டார்கள். இதயம் இல்லாத அன்பும் ஓர் அன்பா? 'மேக'த்தின் தலையிலிருந்த 'மழை'யையும் எடுத்துவிட்டார்கள். 'பின்னால்' என்பதற்கும் 'பட்டத்து ராணி' என்பதற்கும் இருந்த வெவ்வேறு எழுத்துக்களை ஒன்றாக்கிவிட்டார்கள். இது அடுக்குமா?

பையன் என் வார்த்தையை வேதவாக்காகக் கொண்டு இரண்டு மாதம் எழுதி எழுதிப் பார்த்தான். 'குதிரை'க்குப் புதிய முறையில் 3 கோடுகள். அவன் போட்டது 10. 'கேள்' என்பதற்கு 7 போதும். அவன் போட்டது 22.

போய்ச் சேர்ந்த முதல் வாரமே சேதி வந்தது. ஆஸ்பத்திரிப் பலகையில் 'வைத்தியம்' என்ற எழுத்தே அவனுக்கு அடையாளம் தெரியவில்லையாம்! 18 கோடுகளில், அடியில் மதுக் குடத்தோடு அவன் கற்ற எழுத்து, அங்கே குடத்தை இழந்து 7 கோடுகளில் நின்றது. சக மாணவர்கள் பாடத்துக்குள் நுழைந்துவிட, இவன் மறுபடியும் அரிச்சுவடி பிடித்தான்.

எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. பிறகுதான் நிதானமாக விசாரித்தேன். மழை இல்லாத 'மேகம்'தான் ஆதி வடிவமாம். மழை பிற்காலத்தில் ஏறியதாம்! அன்பிலிருந்து இதயத்தை விட்டதும் நேற்றைய சர்க்காரின் கற்பனையன்று. வேகமாக எழுதிய கைகள் நெடுங்காலமாகச் செய்துவந்ததே. 1935-ல் கோமிண்டாங் சர்க்காரே 324 எழுத்துக்களைச் சுருக்கி வெளியிட்டது. எதிர்ப்பு எழவே மறு வருஷம் அதைக் கைவிட்டது. என் தூ பூவையும் இன்று சீனாவில் புதிய எழுத்தில் அச்சிட்டு விற்கிறார்கள்.

கோடிக்கணக்கான ஜனங்களுக்கு எழுத்தறிவு தரவே இந்தச் சுருக்கம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். உயர்ந்த நோக்கம்தான். ஆனால் பழைய எழுத்தைக் கொண்டே தைவான்காரர்களும் தங்கள் ஜனங்களைப் படிக்க வைத்துவிட்டார்களே! எழுத்தைச் சுருக்கியது பெரிதா, பள்ளிக்கூடம் வைத்தது பெரிதா? உபாத்தியாயனாகிய என் வாக்கு பின்னதற்கே.

ராணி விஷயத்தில் மட்டும் என் கோபம் தணியவில்லை.

விடுமுறைக்கு வந்த பையன் என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். "மாமா, உங்கள் வைத்தியர் இன்னும் மதுக் குடத்தைக் கீழே வைக்கவில்லையே!" என்று சிரித்தான்.