ஒரு ஷாட்டுக்கு எத்தனை குருணை?

பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக் குருணைகள் பெரும்பாலும் நிறமற்றோ பால்வெள்ளையாகவோதான் ஆலைக்கு வருகின்றன. மாஸ்டர்பேட்ச் எனப்படும் செறிந்த வண்ணக் குருணையை 1 முதல் 4 விழுக்காடு வரை சேர்த்த பிறகே வாளி நீலமாகிறது, மூடி சிவப்பாகிறது. அந்தச் சிறு பங்கை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் கொடுப்பது டோசிங் கருவியின் வேலை.

புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் (கோவைப் பக்கத்து ஊர் அல்ல), சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் உண்டு. ஒரு காலத்தில் விற்பனை வரிச் சலுகை பல சிறு ஆலைகளை இந்த ஊருக்கு இழுத்தது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்த அனுகூலம் போயிற்று. வரியில் மிஞ்சியது இனி இல்லை என்றான பின், மூலப்பொருளில் வீணாகும் கிராமையும் கணக்கில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

சிறு ஆலைகளில் டோசிங் கருவி பெரும்பாலும் ஒரு மனிதரின் கை. 25 கிலோ மூட்டையைப் பிரித்து டிரம் மிக்சரில் கொட்டுவார். 2 விழுக்காட்டுக்கு 500 கிராம் மாஸ்டர்பேட்சை ஒரு மக்கால் அள்ளிப் போடுவார். மக்கின் விளிம்பு தராசு அல்ல. நிறம் வெளிறினால் மேஸ்திரி சத்தம் போடுவார். கூடிப்போனால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே கை எப்போதும் கூடுதல் பக்கமே சாய்கிறது. மணிக்கு 20 கிலோ உருக்கும் ஓர் எந்திரம் நாளுக்கு 20 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் 10,000 கிலோ. 2 விழுக்காட்டுக்குப் பதில் 3 போனால் மாதம் 100 கிலோ மாஸ்டர்பேட்ச் கூடுதலாகப் போகிறது. கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் 20,000 ரூபாய். கலவை போடுபவருக்குப் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாகத்தான் கூலி. ஆலையின் நிறம் முழுவதும் அவர் கையில் இருக்க, பேட்டையில் மிகக் குறைந்த கூலிகளில் ஒன்று அவருடையது என்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. மாஸ்டர்பேட்சுக்குப் பதில் வண்ணப்பொடி வாங்கும் இடங்களில் நிலை இன்னும் மோசம்: பொடி ஒட்டுவதற்கு எண்ணெய் தெளித்துக் கலக்கும்போது தூசு மூச்சில் ஏறுகிறது. மலிவான மஞ்சள், ஆரஞ்சுப் பொடிகளில் ஈயக் குரோமேட் இருக்கக்கூடும்.

நன்றாகக் கலந்த கலவையும் எந்திரத்தின் மேலுள்ள ஹாப்பர் தொட்டியில் அப்படியே இருப்பதில்லை. வெள்ளை மாஸ்டர்பேட்சில் டைட்டானியம் டையாக்சைடு 70 விழுக்காடு வரை இருப்பதால் அது கனமானது. எந்திரத்தின் அதிர்வில் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் மூட்டையின் தொடக்கமும் முடிவும் இரு நிறமாகின்றன. வண்ணத்தை எந்திரத்தின் வாயிலேயே சேர்க்கும் கருவி இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது.

அத்தகைய கருவிகளில் எளியது கன அளவில் கொடுப்பது. ஒரு சிறு திருகு சுழன்று வண்ணக் குருணையைத் தள்ளும். இஞ்செக்‌ஷன் எந்திரத்தில் பெரிய திருகு சார்ஜ் ஆகும் நேரத்தில் மட்டும் இதுவும் சுழலும்; எக்ஸ்ட்ரூடரில் அதன் வேகத்தைப் பின்தொடரும். விலை குறைவு, கழற்றுவது எளிது. ஆனால் திருகுக்கு எடை தெரியாது. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறினாலும், வேறொரு நிறுவனத்தின் மாஸ்டர்பேட்ச் வந்தாலும் மறுபடி அளவு பிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் பழைய எண்ணிலேயே ஓட்டுவதுதான் இந்தக் கருவி கெட்டபெயர் எடுக்கக் காரணம்.

எடையில் கொடுக்கும் கருவி இருவகை. ஒன்றில் சிறு ஹாப்பர் லோடு செல் எனும் எடை உணரியில் தொங்குகிறது. எடை குறையும் வேகத்தைப் பார்த்து மோட்டார் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மற்றதில் ஒவ்வொரு பொருளும் ஒரு தட்டில் எடையிடப்பட்டுக் கலவை அறைக்குப் போகிறது. புதுக் குருணை, அரைத்த ரன்னர் (வார்ப்பில் மிஞ்சும் துண்டு), வண்ணம், சேர்ப்பான் என நான்கைந்து பொருள் சேர்க்கும் இடத்துக்கு இரண்டாவது ஏற்றது. அரைத்த பொருளின் அடர்த்தி மூட்டைக்கு மூட்டை மாறுவதால் அங்கே கன அளவு கைகொடுக்காது. மோல்டு மூடித் திறக்கும் அதிர்ச்சி லோடு செல்லைக் குழப்புவதையும் எண்ண வேண்டும். கருவியைத் தரையில் தனித் தாங்கியில் வைக்கலாம். ஆனால் அங்கிருந்து காற்றால் இழுக்கும்போது கலவை பிரியக்கூடும்.

பிலிம் ஆலையில் எடைக்கருவிக்கு வேறொரு பயன் உண்டு. 2022 டிசம்பர் 31 முதல் பிளாஸ்டிக் கைப்பையின் தடிமன் 120 மைக்ரானுக்குக் குறையக்கூடாது. அந்தத் தடிமனில் ஒரு சதுர மீட்டர் எல்.டி.பி.இ. பிலிம் ஏறத்தாழ 110 கிராம். மணிக்கு எத்தனை கிலோ உள்ளே போகிறது என்று தெரிந்தால், இழுக்கும் வேகத்தை அதற்கேற்ப மாற்றி, தடிமன் குறையாமலும் வீணாக ஏறாமலும் நிறுத்தலாம்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது விற்பனையாளரின் கையேட்டைத் திறக்குமுன் போட வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. ஒரு மாஸ்டர்பேட்ச் குருணை ஏறத்தாழ 25 மில்லிகிராம். எந்திரம் ஒரு முறை மோல்டுக்குள் செலுத்தும் அளவே ஷாட். 60 கிராம் ஷாட்டுக்கு 2 விழுக்காடு என்றால் 1.2 கிராம், அதாவது 48 குருணை. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 6 கிராம் ஷாட்டில் ஐந்தே குருணை. ஒன்று தவறினால் 20 விழுக்காடு பிழை. அங்கே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எடைக்கருவியும் முழுக்குருணையைப் பாதியாக்காது. செறிவு குறைந்த மாஸ்டர்பேட்சைக் கூடுதல் விழுக்காட்டில் கொடுப்பதோ, நுண்குருணை வாங்குவதோதான் வழி. கையேட்டில் துல்லியம் என்று போட்டிருக்கும் எண்ணை நம்புமுன், அது கேட்ட அளவின் விழுக்காடா, கருவியின் உச்ச அளவின் விழுக்காடா என்று கேட்க வேண்டும். இரண்டும் வெகுதூரம்.

கடலோர ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரம் தனிக் கவலை. நைலானும் பெட் (PET) பிளாஸ்டிக்கும் ஈரம் குடிப்பவை. பெட்டில் ஈரம் பத்து லட்சத்தில் 50 பங்குக்குள் இருக்க வேண்டும். உலர்த்திய பொருளைத் திறந்த டோசிங் ஹாப்பரில் காத்திருக்க விட்டால் டிரையருக்குக் கொடுத்த மின்சாரம் வீண். கார்பன் பிளாக் மாஸ்டர்பேட்சும் ஈரம் இழுக்கும். பொருளின் மேல் வெள்ளிக் கோடு விழுந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிறிய, மூடியுள்ள ஹாப்பரே இங்கே நல்லது.

ஒரே நாளில் பல நிறம் மாற்றும் ஜாப் ஒர்க் ஆலைக்குத் துல்லியத்தைவிடத் துப்புரவு நேரம் முக்கியம். மூலையில் தங்கிய பத்துக் கறுப்புக் குருணை அடுத்த வெள்ளை ஆர்டரின் முதல் பெட்டிகளைக் கெடுத்துவிடும். ஹாப்பர் ஸ்பேனர் இல்லாமலே கழல வேண்டும், திருகு கையோடு வர வேண்டும், உள்ளே நிற்பது கண்ணாடி வழியே தெரிய வேண்டும். இதை முதலாளி பார்ப்பதைவிட இரவு ஷிப்ட் ஆப்பரேட்டரைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பது மேல்.

வாங்குமுன் சோதனை ஆலையின் சொந்தப் பொருளில்தான் நடக்க வேண்டும். கருவியின் வாயில் கிண்ணம் வைத்து, அடுத்தடுத்து முப்பது டோஸ் பிடித்து, ஒவ்வொன்றையும் 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுத்து எழுத வேண்டும். சராசரி சரியாக இருந்து ஒவ்வொரு டோசும் தாறுமாறாக இருந்தால் மூடிகள் திட்டுத்திட்டாகவே வரும். ஹாப்பர் நிரம்பியிருக்கும்போது ஒருமுறையும் காலியாகப் போகும்போது ஒருமுறையும் இதைச் செய்ய வேண்டும். அதே தராசு பிறகு நிறம் மாறும்போதெல்லாம் அளவு பிடிக்கவும் எந்திரத்தருகிலேயே இருக்க வேண்டும்.