முதுகு தாங்கும் தூரம்

ராக்கி மலைத்தொடருக்கு முதல்முறையாக எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அடுத்து, எல்க் எங்கே நிற்கும் என்று கேட்கிறார்கள். இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் கூடாரத்தையும் சோற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குள் தங்கி வேட்டையாடப் போகிறவர் இவற்றுக்கு முன் இன்னொன்றுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். விழுந்த விலங்கை வண்டிவரை எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது? எத்தனை நடை, எந்தச் சரிவு, எத்தனை மணி நேரம்? இதற்கு விடை கிடைத்துவிட்டால் எந்தப் பருவத்தில் போவது, எங்கே தேடுவது, எதை மூட்டை கட்டுவது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும். அதனால் இந்த வேட்டையைக் கடைசியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடச் சொல்கிறேன்.

கணக்கு இப்படி. வளர்ந்த ஆண் எல்க் ஏறக்குறைய 300 கிலோ எடை இருக்கும். பெண் 220 கிலோவை ஒட்டி. எலும்பு நீக்கிய கறியாக ஆணிடமிருந்து 90 முதல் 100 கிலோ, பெண்ணிடமிருந்து 65 முதல் 75 கிலோ தேறும். ஒரு வெள்ளாட்டுக் கிடாயில் 15 கிலோ கறி தேறினாலே பெரிய கிடா என்போம். இங்கே ஒரே உடலில் ஆறு கிடாயின் கறி இருக்கிறது. நல்ல உடல்வாகு உள்ளவர் கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில், பாதையில்லாத சரிவில், ஒரு நடைக்கு 25 கிலோவைப் பத்திரமாகச் சுமக்கலாம். ஆக ஆண் எல்க்குக்கு நான்கு சுமை, கூடாரமும் சாமான்களும் ஐந்தாவது சுமை. வண்டியிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி விலங்கு விழுந்தால், தனியாள் 25 கிலோமீட்டர் சுமையோடும் 20 கிலோமீட்டர் வெறும் முதுகோடும் நடக்க வேண்டும். கொம்பும் தலையும் இதில் சேரவில்லை. கறியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துவருவது சட்டப்படி குற்றம். எனக்கு அது சட்டத்தையும் தாண்டிய குற்றம்.

எனவே வரைபடத்தை விரித்ததும் முதலில் ஒரு எல்லைக்கோடு போடுங்கள். கோட்டுக்கு அப்பால் எத்தனை பெரிய விலங்கு நின்றாலும் சுடுவதில்லை என்று வீட்டு மேசையிலேயே முடிவெடுத்துவிட வேண்டும். மலையில், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்கிற முடிவு பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. செப்டம்பர் வெயிலில் தனியாளுக்கு 3 கிலோமீட்டர் போதும் என்பது என் கணக்கு. இரண்டு பேர் இருந்து, இரவில் உறையும் குளிரும் இருந்தால் 5 கிலோமீட்டர் வரை போகலாம். தூரத்தைவிட முக்கியம் ஏற்ற இறக்கம். வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மேலேறி வேட்டையாடினால் சுமை இறங்கி வரும். முகட்டுச் சாலையில் நிறுத்திவிட்டுக் கீழே பள்ளத்தில் சுட்டால் ஒவ்வொரு கிலோவும் மேலேற வேண்டும். வெள்ளைத் துணி உறைகளில் கறியைக் கட்டி மூன்றாம் முறையாக ஏறும்போது சமஉயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதன் அர்த்தம் முழங்காலுக்குப் புரியும்.

நான் பேசுவது கொலராடோவைப் பற்றி. அமெரிக்காவில் மிக அதிகமாக எல்க் இருக்கும் மாநிலம் அதுதான். 1910-ஐ ஒட்டி அங்கே ஆயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தன; பிறகு வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மாநில நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மத்திய அரசின் பொதுநிலம். அதில் பெரும்பாலான இடங்களில் யாரும் அனுமதி கேட்காமல் நடக்கலாம், தங்கலாம். உரிமம் இருந்தால் வேட்டையாடலாம். வடமேற்கில் உள்ள ஃபிளாட் டாப்ஸ் பகுதியை முதல் பயணத்துக்குச் சொல்வேன். மேலே பரந்த மேட்டுநிலம், சுற்றிலும் ஸ்ப்ரூஸ் காடு, ஏராளமான ஏரிகள். மாநிலத்தின் மிகப் பெரிய எல்க் கூட்டம் திரியும் நாடு. அங்கே டிராப்பர்ஸ் ஏரி என்று ஒன்று உண்டு. 1919-இல் வனத்துறை ஆர்தர் கார்ஹார்ட் என்பவரை அதன் கரையில் கோடைவீடுகளுக்கு மனை அளந்துவர அனுப்பியது. அவர் அளந்துவிட்டு வந்து, இங்கே வீடும் வேண்டாம், சுற்றுச்சாலையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஏரியைச் சுற்றி இன்றும் வீடுகள் இல்லை. 1964-இல் வந்த வனாந்தரச் சட்டத்துக்கு முன்னோடியான யோசனைகளில் அவருடைய அந்தப் பரிந்துரையும் ஒன்று. அங்கே போகும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

அந்தச் சட்டம் சுமைக் கணக்கையும் பாதிக்கிறது. வனாந்தரமாக அது காக்கும் நிலத்தின் எல்லைக்குள் இயந்திர வாகனம் கூடாது, சைக்கிள் கூடாது, கறி இழுக்கும் இரு சக்கரக் கைவண்டிகூடக் கூடாது. குதிரையும் கோவேறு கழுதையும் போகலாம். கறி சுமக்கக் குதிரை அனுப்பும் உரிமம் பெற்றவர்கள் பல பகுதிகளில் இருக்கிறார்கள். வேட்டைப் பருவத்துக்கு முன்பே ஒருவரோடு பேசி, கூலியையும் அவருடைய குதிரை எந்த இடம்வரை ஏறும் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டால் உங்கள் எல்லைக்கோடு சற்று நகரும்.

உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1949 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான உரிமங்கள் குலுக்கலில் கிடைப்பவை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் முதல் செவ்வாய். சில துப்பாக்கிப் பருவங்களில் ஆண் எல்க் உரிமத்தைக் குலுக்கல் இல்லாமலேயே வாங்கலாம். வெளிமாநிலத்தவருக்கு வில்வேட்டை உரிமம் 2025 முதல் குலுக்கலுக்குப் போய்விட்டது. விதிப்புத்தகம் ஆண்டுதோறும் மாறும். அந்த ஆண்டின் புத்தகத்தை மட்டும் நம்புங்கள். பல பகுதிகளில் சுடத் தகுந்த ஆண் என்றால் ஒரு கொம்பில் நான்கு கிளையாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கிளை 5 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். துப்பாக்கிப் பருவத்தில் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புத் துணி உடம்பில் வெளியே தெரிய வேண்டும். தொப்பியும் அந்த நிறத்தில்தான். அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு: மத்திய சட்டம் அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் உரிமம் கையில் இருக்கட்டும்.

செப்டம்பர் வில்பருவத்தின் மயக்கம் எனக்குத் தெரியும். இணைசேரும் காலம், விடியலில் ஆண் எல்க் எழுப்பும் நீண்ட சீழ்க்கை பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். ஆனால் பகலில் வெயில் 20 டிகிரியைத் தாண்டும், ஈ மொய்க்கும், கறிக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. முதல் பயணத்துக்கு அக்டோபர் கடைசியில் வரும் இரண்டாம் துப்பாக்கிப் பருவத்தைச் சொல்வேன். உரிமமும் பெண் எல்க்குக்கு எடுங்கள் என்பேன். கிளை எண்ணும் தவிப்பு இல்லை, ஒரு சுமை குறைகிறது, கறியும் மென்மையாக இருக்கிறது. கொம்பு ஆசை பிறகு வரட்டும்.

இனி தேடுவது. எல்க் சாலையைத் தவிர்க்கும் விலங்கு. ஆரிகன் மாநிலத்தின் ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில் பல ஆண்டுகள் பார்த்து இதை உறுதிசெய்திருக்கிறார்கள். இதைக் கேட்டுப் புதியவர்கள் 10 கிலோமீட்டர் உள்ளே போகத் திட்டமிடுகிறார்கள். அவ்வளவு தேவையில்லை. சாலையிலிருந்து 2 கிலோமீட்டரில், பாதையே இல்லாத, ஏறச் சலிப்பூட்டும் செங்குத்துச் சரிவுக்குப் பின்னால் ஒரு சிறு புல்தட்டு இருந்தால் அங்கே தேடுங்கள். யாரும் போகாத இடம் எப்போதும் தொலைவில் இருப்பதில்லை. பகலில் எல்க் வடசரிவின் அடர்ந்த காட்டில் படுக்கும். வெயில் ஏறாது, குளிர்ச்சி. மாலையிலும் விடியலிலும் புல்லுக்கு வெளியே வரும். படுக்கை, புல், தண்ணீர் மூன்றும் ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் அமைகிற இடங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றில் எல்லைக்கோட்டுக்குள் அடங்குபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். தனியார் நில எல்லைகளையும் கைப்பேசிச் செயலியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் சிக்னல் கிடைக்காது.

எல்க் உங்கள் உருவத்தைப் பார்த்தால் ஒரு கணம் யோசிக்கும். வாடையைப் பிடித்தால் யோசிக்காது. மலையில் காற்றுக்கு ஒரு நாள்முறை உண்டு. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். வெயில் பட்டு நிலம் சூடானதும் ஏறத் தொடங்கும். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். இறங்குகாற்று ஏறுகாற்றாக மாறும் இடைப்பட்ட நேரத்தில் காற்று திசையின்றிச் சுழலும். அப்போது அசையாமல் உட்கார்ந்திருப்பதே நல்லது. ஒரு சிறு குப்பியில் மாவுத்தூள் வைத்து அடிக்கடி பீய்ச்சிப் பாருங்கள். தூள் போகும் திசையில் உங்கள் வாடை போகிறது. கூடாரத்தையும் இதே கணக்கில்தான் போட வேண்டும். படுக்கைக் காட்டுக்கு நேர் மேலே கூடாரம் அடித்தால் இரவு முழுக்க உங்கள் வாடை அதன் மேல் இறங்கிக்கொண்டிருக்கும்.

மூட்டையைப் பொறுத்தவரை முதுகுப்பைக்குத்தான் செலவழிக்கச் சொல்வேன். சட்டகம் 40 கிலோவைத் தாங்க வேண்டும். பைக்கும் சட்டகத்துக்கும் நடுவே கறியை வைத்துக் கட்ட இடம் வேண்டும். கறி முதுகோடு ஒட்டி, தோள்பட்டை உயரத்தில் உட்கார்ந்தால்தான் நடக்க முடியும். கீழே தொங்கினால் பின்னால் இழுக்கும். ஐந்து நாள் உணவோடு மொத்தம் 20 கிலோவுக்குள் அடக்கப் பாருங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி கட்டாயம். மலையேறுவதற்கு முன் ஓர் இரவாவது இடைப்பட்ட உயரத்தில் தங்குங்கள். தலைவலியும் குமட்டலும் விடாமல் இருந்தால் வேட்டையை மறந்து கீழே இறங்குங்கள்.

பயிற்சி எடுக்கும்போது மேசையில் துப்பாக்கியை ஊன்றிச் சுட்டுப் பழகாதீர்கள். முதுகுப்பையைத் தரையில் போட்டு அதன்மேல் ஊன்றியும், மண்டியிட்டும், ஓடிவந்து மூச்சு இரைக்கும்போதும் சுட்டுப் பாருங்கள். எந்தத் தூரத்தில் பத்துக்குப் பத்தும் நெஞ்சுக்கூட்டில் விழுகிறதோ அதுவே உங்கள் தூரம். சுட்ட பின் விலங்கு கண்ணெதிரே விழாவிட்டால் அரை மணி நேரமாவது இருந்த இடத்திலேயே இருந்து, பிறகு தடம் பிடியுங்கள்.

விழுந்ததும் கறி வெந்துபோகாமல் காப்பதுதான் வேலை. விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தி, உருளாதபடி ஒரு காலை மரத்தில் கட்டுங்கள். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. பிடரியிலிருந்து வால்வரை முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி வயிற்றுப் பக்கமாக உரித்து இறக்குங்கள். முன்னங்கால் உடலோடு எலும்பால் இணைந்ததில்லை, சதையால் மட்டுமே ஒட்டியிருக்கிறது. காலைத் தூக்கிப் பிடித்து அக்குளுக்குள் கத்தியை ஓட்டினால் சப்பையோடு கழன்றுவரும். பின்தொடையை இடுப்பெலும்பை ஒட்டியே அறுத்துப் போனால் மூட்டுக்கிண்ணம் தட்டுப்படும். உள்ளே இருக்கும் தசைநாரை வெட்டியதும் தொடை கையோடு வந்துவிடும். பிறகு முதுகுக்கறி, கழுத்துக்கறி. கடைசி விலாவுக்குப் பின்னால் இரைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதுகெலும்பின் அடியில் கையை விட்டு உள்முதுகுக்கறியை விரலாலேயே பிரிக்கலாம். புரட்டிப்போட்டு மறுபக்கம். ஆணா பெண்ணா என்பதற்கான உறுப்பு ஒரு தொடையில் இயல்பாக ஒட்டியபடி இருக்க வேண்டும், அதை வெட்டிவிடாதீர்கள்.

கெடுவது எலும்பருகில்தான் தொடங்கும். தோலுரித்து வெகுநேரம் கழித்தும் தொடையின் உட்பக்கம் கையை வைத்தால் சூடு தெரியும். அதனால் தொடைக்கறியை எலும்புவரை நீளமாகப் பிளந்துவிட்டு, காற்றுப் போகும் பருத்தி உறைகளில் போட்டு, வடசரிவின் நிழலில், ஓடையை ஒட்டி வீசும் குளிர்காற்றில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போடவே கூடாது. கருங்கரடி வரும் என்பதால் உறைகளை எட்டாத உயரத்தில், எலும்புக்கூட்டிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் தள்ளிக் கட்டுங்கள்; தொலைவிலிருந்து பார்த்தால் தெரிகிற கிளையாக இருந்தால், அடுத்த நடைக்கு வரும்போது கரடி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

வண்டிக்கு வந்த கறி பனிக்கட்டிப் பெட்டிக்குள் போகும். உருகும் நீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள், கறி ஊறக் கூடாது. தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். மான் இனங்களை மெலியவைத்துக் கொல்லும் பிரியான் நோய் 1967-இல் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது இதே கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸில். நோய் உள்ள விலங்கின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே மருத்துவத் துறையின் அறிவுரை. முடிவு வரும்வரை ஒவ்வொரு பொட்டலத்திலும் பரிசோதனைச் சீட்டின் எண்ணை எழுதி, உறைபெட்டியில் தனித் தட்டில் வைத்திருங்கள்.